மாப்பிள்ளை மிதித்த மீன்

தூண்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த கெண்டையைச் செருப்புக் காலால் மிதித்தபடி, அதன் வாயில் ஒரு சிகரெட்டைச் செருகினான் அலெக்ஸ். பிறகு குனிந்து, போனை நீட்டிப் பிடித்து மீனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த தைரியநாதனுக்கு உடம்பு கூசியது. இந்தப் பையனுக்குத் தன் மகள் வினோலியாவைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

காலையில்தான் பண்ருட்டியிலிருந்து பஸ் ஏறி நெய்வேலிக்கு வந்திருந்தார். இரண்டு வீட்டாரும் இதுவரை பெண், மாப்பிள்ளை போட்டோவை மட்டும்தான் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அலெக்ஸ் இவரைப் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில், அவன் குடியிருக்கும் பிளாக்கில் நாலு குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டி விசாரித்தார்.

நாலு வீட்டிலும் ஒரே பதில். தங்கமான பையன், மைன்ஸில் பெர்மனன்ட், குடியில்லை, சிகரெட் இல்லை. ஒரு குறைகூடச் சொல்லாத அந்த வாய்களை அவர் நம்பவில்லை. கல்யாண விசாரிப்பு என்று மோப்பம் பிடித்துவிட்டால் எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் உண்மையைச் சொல்வார்?

"லீவு நாள்ல ஏரிக்கு மீன் புடிக்கப் போவாராம்ப்பா. அங்க போயி நேர்ல பாருங்க, ஆளு எப்படின்னு தெரியும்" என்று வினோலியாதான் சொல்லி அனுப்பியிருந்தாள். மற்றபடி, பையனைப் பிடித்திருக்கிறதா என்று எத்தனை தரம் கேட்டாலும் "உங்க இஷ்டம்ப்பா" என்பதோடு சரி.

மகள் சொன்னபடி வந்தது நல்லதாகப் போயிற்று. குடிக்கிறான் என்று தெரிந்திருந்தால்கூடத் தைரியநாதன் பொறுத்துக்கொண்டிருப்பார். பெர்மனன்ட் வேலைக்கு முன்னால் அதெல்லாம் சின்னக் குறை. ஆனால் அவர் பண்ருட்டி மார்க்கெட்டில் மீன் விற்பவர். கூடையில் தெரியாமல் கால் பட்டாலும் தொட்டுக் கும்பிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். வினோலியாவை அவர் கை நீட்டி அடித்தது ஒரே ஒரு முறைதான், சின்ன வயதில் மீன் கூடையைத் தாண்டியதற்காக.

"தம்பி, கால எடுப்பா. சோறு போடுற மீனு அது" என்றார் பொறுக்க முடியாமல்.

அலெக்ஸ் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். இன்னும் அழுத்தி மிதித்தான்.

"புடிச்சது நானு. மிதிப்பேன், ஒதைப்பேன். உனக்கென்ன பெருசு?"

தூண்டிலை மறுபடியும் வீசினான். அது பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் தூண்டில் நரம்பின் மேல் விழுந்து சிக்கிக்கொண்டது.

"இவ்ளோ பெரிய ஏரி கெடக்கு. என் நரம்பு மேலதான் போடணுமாப்பா?"

"ஏரி என்ன உங்க பேர்லயா இருக்கு? நீங்க தள்ளிப் போங்க சார்."

பெரியவர் சிக்கலைப் பிரித்து, நரம்பைச் சுருட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார். நல்லசாமி என்று பெயர் சொன்னார். மைன்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.

"இன்னிக்கு என்ன பேய் புடிச்சுதோ அவனுக்கு. வாரா வாரம் எனக்கு எடம் விட்டுட்டுத்தான் உக்காருவான். குட்டி மீனு மாட்டினா தண்ணியில வச்சே முள்ளக் கழட்டி விடுற பையன்."

"நீங்க எந்த பிளாக்குங்க?" என்று கேட்டார் தைரியநாதன்.

"அவன் வீட்டுக்கு எதுத்த வீடுதாங்க."

தைரியநாதன் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். இது ஐந்தாவது நற்சான்றிதழ்.

அந்த நேரம் பார்த்து அலெக்ஸ் கெண்டையைக் காலால் எத்தினான். அது உருண்டு வந்து மரத்தடியில் கிடந்தது.

தைரியநாதன் எழுந்து போய் இரண்டு கையாலும் அதை எடுத்தார். வாயிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கி எறிந்தார். வயிற்றில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். அந்த வெயிலிலும் வயிறு சில்லென்றிருந்தது. பழக்க தோஷத்தில் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பெருசு, கொழம்பு வைக்கணுமா? எடுத்துட்டுப் போ." அலெக்ஸ் ஏரியைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னான்.

திட்ட வாயெடுத்தவர் செவுளை இன்னொரு தரம் பார்த்தார். மீனை ஏரித் தண்ணீரில் கழுவி ஓர் இலையில் வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்து நடந்தார். பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டார்.

"பாத்துட்டேம்மா. மீன மிதிக்கிறான், எத்துறான். பெரியவங்கன்னு ஒரு மரியாதை கெடையாது. இந்த எடம் நமக்கு வேணாம்."

"ஐயையோ, அப்படியாப்பா?" அந்தக் குரலில் அவர் வருத்தத்தைத் தேடினார். நிம்மதிப் பெருமூச்சுதான் கேட்டது. "செரிப்பா, உங்க இஷ்டம். இன்னிக்கே வேணாம்னு சொல்லிடுங்க."

"சொல்லிடுறேன். ஆனா ஒண்ணும்மா."

"என்னப்பா?"

"அது ஐஸ்ல வச்ச மீனு. செத்து மூணு நாளாவுது. ஏரியில எப்படிம்மா மாட்டும்?"

வடலூர் பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. தைரியநாதன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"பாவம் அந்தப் புள்ள, நீ சொன்னேன்னு வெயில்ல நடிச்சிக்கினு நிக்குது" என்றார். மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"அழுவாத. நீ மனசுல வச்சிருக்கிறவன் யாருன்னு சொல்லு."