முறத்தளவு இடம்

வேலியோரம் முறத்தளவு இடத்தில் மட்டும் என்னென்னவோ முளைத்திருந்தது.

நஞ்சம்மாள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒண்டி ஆளாகப் புழக்கடையைச் சுத்தம் செய்திருக்கிறாள். கோரையைக் கிழங்கோடு கெல்லியாயிற்று. குப்பைமேனியும் நெருஞ்சியும் வேலிக்கு அந்தப் பக்கம் குவிந்து கிடந்தன. மிச்சம் இந்த இடம்தான்.

இதுவும் முடிந்துவிட்டால் ஆறுச்சாமி வேறு சாக்குச் சொல்ல முடியாது.

"பொடக்காளி பொதராக் கெடக்குது, பாம்பு கீம்பு அண்டும். சுத்தம் பண்ணிப்போட்டுப் புள்ளையக் கூட்டியாரலாம், அம்மணி."

போன வாரம் மழை இறங்கியதிலிருந்து அவள் புருஷன் இதையே சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கு முன்னால் அவள் உடம்பு தேறட்டும் என்றான். பைக்காரா கரண்டு வந்ததிலிருந்து மில்லில் லீவே தருவதில்லை என்றும் ஒரு கதை சொன்னான். வாயில்லாப் பூச்சிக்கு இத்தனை சாக்கு எங்கிருந்து கிடைக்கிறதோ! சுத்தம் செய்கிறேன் என்றவன் ஒரு புல்லைக் கிள்ளிப் போடவில்லை. அவளையும் இறங்க விடவில்லை. இன்று அவன் மில்லுக்குப் போன பிறகுதான் அவள் கொத்தைக் கையில் எடுத்தாள்.

பிள்ளையை அவள் இன்னும் பார்த்ததுகூட இல்லை.

புரட்டாசியில் பெற்றதும் ஜன்னி கண்டுவிட்டது. நினைவு திரும்பியபோது பக்கத்தில் வெறும் துணிதான் கிடந்தது. பெண் குழந்தை என்றான் ஆறுச்சாமி. காய்ச்சல்காரி பால் ஆகாதென்று அன்னூரில் தன் தங்கை சாந்தாமணியிடம் விட்டிருப்பதாகச் சொன்னான். சாந்தாமணிக்கும் கைக்குழந்தை. இரண்டுக்கும் பால் கொடுக்கிறாள், மகராசி. நஞ்சம்மாளுக்கு அவள்மேல் நன்றியும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லலாம் என்றால் இரண்டு பக்கமும் பெரியவர்கள் உயிரோடில்லை.

சரி, இது என்ன முளை?

சோளக்காட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். எந்தச் செடியையும் இரண்டு இலை விட்டதுமே பெயர் சொல்லிவிடுவாள். துவரை முதலில் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் கொள்ளு. அட, கோழி கிளறிப் போட்ட விதை என்று சிரித்துக்கொண்டாள். மொச்சைக்குச் சொல்லவே வேண்டாம், முளைக்கும்போதே தடித்தனமாகத்தான் முளைக்கும். பச்சைப்பயறும் உளுந்தும் ஒன்றைப்போல் ஒன்று நின்று அவளைக் கொஞ்ச நேரம் ஏய்க்கப் பார்த்தன. பொடி இலையாக இருந்த ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். புளித்தது. கொண்டைக்கடலை.

எள்ளும் இருந்தது. நெல்லும் இருந்தது, தண்ணீர் பற்றாமல் மஞ்சளடித்துப் போய்.

எந்த வீட்டுக் கோழி இத்தனையையும் அள்ளி வந்து ஒரே இடத்தில் சிந்தும்?

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. புல் மாதிரி இருந்தது. கம்பும் இல்லை, சோளமும் இல்லை. களைதான் என்று பிடுங்கினாள். வேரோடு விதை ஒட்டிக்கொண்டு வந்தது. முந்தானையில் மண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். நடுவில் கோடு விழுந்த விதை.

கோதுமை. அவள் ஊர்ப்பக்கம் யாரும் விதைக்காதது. கடையில் பொட்டலம் கட்டித் தரும் நவதானியத்தில்தான் அவள் அதைப் பார்த்திருக்கிறாள்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

கல்யாணம் என்றால் நவதானியத்தை மண்சட்டியில் முளைக்கப் போடுவார்கள். தரையில் தெளிப்பது ஆளைப் புதைத்த இடத்தில்.

பால் கட்டிக்கொண்டு அவள் துடித்தபோது மருத்துவச்சி மல்லிகைப் பூவை மார்போடு வைத்துக் கட்டிப் பாலை வற்றவைத்தாள். பிள்ளை திரும்பி வரும் என்றால் எதற்காக வற்றவைக்க வேண்டும்?

இல்லை. இருக்காது. பெரியவர்கள் செத்தால்தான் நவதானியம். பச்சைப்பிள்ளைக்குச் சடங்கு ஏது, கருமாதி ஏது? புழக்கடையோரமே ஒரு குழியில் வைத்து மண்ணைத் தள்ளிவிட்டு வந்துவிடுவார்கள். அவள் அம்மா பறிகொடுத்த பிள்ளைகளுக்கு யாரும் ஓர் எள்ளைக்கூடப் போட்டதில்லை. ஊர் வழக்கம் அது. அதை யார் மாற்றப் போகிறார்கள்? இது இந்த வாடகை வீட்டில் முன்னால் குடியிருந்தவர்களின் காரியமாக இருக்கும். விதை மழைக்காக மண்ணுக்குள் கிடந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அந்த வழக்கத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

மில் சங்கு ஊதி வெகு நேரம் கழித்து ஆறுச்சாமி வந்தான். கொல்லைக் கதவிலேயே நின்றுவிட்டான். துப்புரவான புழக்கடையில் கொத்துப்படாமல் அந்த ஒரு திட்டுப் பச்சை மட்டும் இருந்தது. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. குனிந்தபடியே கேட்டாள்.

"ஏனுங்க, கைக்கொழந்தைக்கு நவதானியம் போடற வழக்கமே இல்லீங்கல்ல?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பியிருப்பாள்.

ஆறுச்சாமி வந்து அவளுக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்தான்.

"வெறும் மண்ணா உட்டுப்போட்டு வர எனக்கு மனசு வர்ல, அம்மணி."