ஐந்தாம் பாரத்து மாப்பிள்ளை

2024 பிப்ரவரி 11, ஞாயிறு. மகன் பிராண்டனுக்குப் பெண் கேட்கப் பிலோமினா தம்போயிலுள்ள பெண் வீட்டுக்கு வந்தார். பெண் ஜெரால்டின் டாக்டர். அவள் அம்மா டொரத்தி கல்லூரி விரிவுரையாளர். அப்பா ஸ்டானிஸ்லாஸ் பள்ளி பஸ் ஓட்டுகிறார்.

பிலோமினா டொரத்தியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“பிள்ளைங்க விரும்பிட்டாங்க. ஆனா என் பையன் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் பாரத்தோட நின்னுட்டான், காலேஜ் போகல. ஒத்துவருமா, டீச்சர்?”

“எங்க வீட்டுக்காரரும் அஞ்சாம் பாரம்தாங்க.”

“உங்களுக்குப் பெரிய மனசுலா. எல்லாரும் இப்படி இறங்கி வருவாங்களா?”

டொரத்தி சிரித்துவிட்டார். “நான் எங்கங்க இறங்கி வந்தேன்? கல்யாணத்தப்ப நான் மூணாம் பாரம். ‘படிக்காத பொண்ணு வேணாம்’னாங்க மாமியார். இவர்தான் பிடிவாதமா கட்டிக்கிட்டு, பிள்ளையையும் பார்த்துக்கிட்டு, என்னை மேல படிக்க வெச்சார். அன்னைக்கு இவர் என் படிப்பைப் பார்த்திருந்தா, இன்னைக்கு நான் ஏது?”

சமையலறையிலிருந்து ஸ்டானிஸ்லாஸின் குரல் வந்தது: “அடடா, அலமாக்! கதை போதும்! சோறு ஆறுது, சம்பந்தியைக் கூப்பிடு.”

ஈஸ்டருக்குப் பிறகு நிச்சயதார்த்தம் நடந்தது.