இரண்டாவது வரியில் ஒரு டிக்

பாத்திர சோப்பு இரண்டு சொட்டு, பேசின் நிறையத் தண்ணீர், என் மகன் செனோவுக்குத் தலை வாருகிற மெத்தென்ற பிரஷ். இசைத்தட்டின் வரிகளோடு சுற்றித்தான் தேய்க்கணும், குறுக்கே தேய்த்தால் பாட்டுப் போச்சு. செனோ என் முதுகுத் துணியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"யாதி! கழுவினியா, இல்ல நனைச்சு எடுத்தியா?" கடை முன்னாலிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். "இன்னும் அதே இடத்துல டிக்குங்குது!"

மறுபடி கழுவித் துடைத்துக் கொடுத்தேன். முள்ளை வைத்தார். அந்தக் காலத்துப் பாடகி கெமுனிங் பாடினாள். இரண்டாவது வரி முடிகிற இடத்தில், டிக்.

"கீறல்தான்" என்றார் தட்டு வாங்க வந்திருந்த ஹெண்ட்ரோ.

சுரபாயா ரிக்கார்டுச் சந்தையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. கெமுனிங் ரசிகர் சங்கத் தலைவர். தட்டு உறையின் அட்டையில் மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்து சிரிக்கிற அதே முகம், அவர் சட்டையிலும் சிரித்தது.

"பத்து வயசுல இந்தக் கன்னக்குழியில விழுந்தவன் தம்பி, இன்னும் எழுந்திருக்கல. அட்டையை மட்டும் கொடு. தட்டு வேணாம்."

"தட்டை என்னண்ணே பண்றது?"

"பக்கத்துக் கடை கடோட்கிட்ட போடு. பூனை உருவத்துல வெட்டி, சுவர்க் கடிகாரம் பண்ணிடுவான்."

பக்கத்துக் கடையில் வெட்டுகிற மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுக் காட்டுங்க தம்பி."

சொன்னது ஒரு வயதான அம்மா. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. கையில் கூடை, கூடையில் கீரையும் கருவாடும்.

"வாங்கப் போறீங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேக்கறதுக்கும் காசா?"

"அம்மா, கருவாடு தொட்ட கையால அட்டையைத் தொட்டுடாதீங்க" என்று ஹெண்ட்ரோ பின்னால் நகர்ந்தார்.

"அட்டை யாருக்கு வேணும்? அதைத்தான் ஊரே சட்டையில மாட்டிக்கிட்டுத் திரியுதே."

என் வீட்டுக்காரர் வேண்டாவெறுப்பாக முள்ளை வைத்தார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது வரி முடிந்தது. டிக்.

இந்தத் தடவை இரண்டு பக்கமிருந்தும் கேட்டது. பெட்டியிலிருந்து ஒன்று. அந்த அம்மாவின் வெள்ளி வளையல் தகர மேஜையில் இடித்தது ஒன்று.

"இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சந்தையில் நான் வாயைத் திறப்பதில்லை.

போட்டார். மறுபடியும் இரண்டு டிக், ஒரே நேரத்தில்.

"அம்மா தாளம் போடறாங்கப்பா!" ஹெண்ட்ரோ சிரித்தார்.

"போதும் விளையாட்டு. யாதி, தட்டைக் கொண்டுபோய் கடோட்கிட்ட கொடு."

தட்டை எடுத்தேன். ஈரக் கையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டேன்.

"கொடுக்க மாட்டேன்."

"என்னது?"

"வெளிச்சத்துல சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்துட்டேங்க. தட்டுல ஒரு கோடு கிடையாது. இந்தச் சத்தம் பாட்டுக்குள்ளயே இருக்கு. எத்தனை கழுவினாலும் போகாது." என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். ஆனாலும் தட்டை விடவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"ரிக்கார்டிங்ல வளையலைக் கழட்டிட்டுப் பாடச் சொன்னாங்கம்மா. கழல மாட்டேன்னுது. இப்பவும் கழலாது, பாரு. மைக் கம்பியில இடிச்சுடுச்சு. திரும்பப் பாடறேன்னேன். நேரமில்ல, யார் கவனிக்கப் போறாங்கன்னுட்டாங்க."

"அப்போ நீங்கதான் கெமுனிங்கா?" ஹெண்ட்ரோ அட்டையைத் தூக்கிக் காட்டினார். "கண்ணாடி பார்க்கிற பழக்கம் உண்டாம்மா?"

"உண்டு தம்பி. கம்பெனிக்காரங்களும் பார்த்தாங்க. அதனாலதான் அட்டையில முதலாளியோட மச்சினியைப் போட்டாங்க. அவளுக்குப் பாட வராது. எனக்கு மூஞ்சி சரியில்ல. அவகிட்ட மூஞ்சியை எடுத்துக்கிட்டாங்க, என்கிட்ட தொண்டையை எடுத்துக்கிட்டாங்க. கெமுனிங்னு ஒருத்தி எங்கயுமே கிடையாது."

கூடையைக் கீழே வைத்தார். அங்கேயே, அந்த நெரிசலில், இரண்டாவது வரியைப் பாடினார். குரல் தடித்திருந்தது. ஆனால் இழுக்கிற இடத்தில் அதே இழுப்பு. முடிகிற இடத்தில் அதே டிக்.

கடோட் மெஷினை நிறுத்திவிட்டான். என் வீட்டுக்காரர் தட்டைக் கேட்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

ஹெண்ட்ரோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அட்டையை வைத்துவிட்டு அந்த அம்மா கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் அட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்:

"ஏம்மா, அந்த மச்சினி இப்போ எங்க இருக்காங்க?"

எனக்கு வந்த கோபத்தில் பேசினை அவர் சட்டைமேல் கவிழ்த்திருப்பேன். முதுகில் பிள்ளை.

தட்டை அந்த அம்மாவிடம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "வீட்டுல மெஷின் இல்லம்மா. இங்கயே இருக்கட்டும். கேக்கறவங்க கேக்கட்டும்."

"உங்க சொந்தப் பேரு என்னம்மா?"

கூடையைத் தூக்கப் போனவர் நிமிர்ந்தார். யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "சுபார்த்தி" என்றார்.

கடைக்குப் பின்னால் போய் ஒரு வெள்ளை உறையை எடுத்தேன். தட்டை உள்ளே வைத்தேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பெரிய பெரிய எழுத்தாகவே எழுதினேன்: 'பாடியவர் சுபார்த்தி. வளையலும் அவருடையது.'

மை காயும் முன்பே கடை முன்னாலிருந்து குரல் வந்தது.

"யாதி! அந்தக் கீறல் தட்டைக் கேக்கணும்னு ஆளுங்க நிக்கிறாங்க, எடுத்துட்டு ஓடி வா!"

"கீறல் இல்லீங்க!" இந்தத் தடவை நானும் கத்தினேன். "அது சுபார்த்தி அம்மாவோட வளையல்!"