இரண்டு வயது முடியட்டும்

அவள் எக்ஸ்ரே படத்தைக் கார்க் கண்ணாடியில் வைத்து மறுபடி பார்த்தாள்.

இடது இடுப்பில் தொடையெலும்பின் பந்து மூட்டுக் கிண்ணத்துக்குள் உட்காரவில்லை. விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தது.

பின்சீட்டில் சோழன், படமெடுக்கக் கொடுத்த மயக்கம் முழுதாகத் தெளியாமல், நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தான். லாப்ரடார். போன திங்கட்கிழமையோடு இரண்டு வயது முடிந்திருந்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் நன்றாகவே இருப்பான் என்றார். ஆனால் இவனை இணை சேர்க்க வேண்டாம். குட்டிகளுக்கும் இந்த இடுப்பு வரலாம்.

கோகிலாவுக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் முதலில் வந்தது. நல்லவேளை, காத்திருந்தோம்.

ஜோடி கேட்டு வந்தவர்களிடமெல்லாம் அவளுக்கு ஒரே பாட்டு. இரண்டு வயது முடியட்டும். இடுப்பை எக்ஸ்ரே எடுக்கணும். கண்ணைப் பார்க்கணும். உங்கள் நாய்க்கும் அதேதான்.

சிரித்தார்கள். பெண் கொடுக்கிற வீட்டில்கூட இத்தனை கேட்க மாட்டார்கள் என்றார் ஒருவர். இன்னொருவர் பத்து மாதப் பெட்டையை வேனில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார். அவள் கேட்டைத் திறக்கவில்லை. அவர் அரைமணி நேரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

இனி யாரும் சிரிக்க முடியாது.

கார் ஒத்தக்கால்மண்டபம் தாண்டியது. ஓட்டிக்கொண்டிருந்த கணவர் ஈஸ்வரமூர்த்தி, படத்தைப் பார்த்ததிலிருந்தே வாய் திறக்கவில்லை.

இப்போது திறந்தார்.

"ஒரே ஒரு தடவதான் புள்ள."

அவளுக்குப் புரியவில்லை.

பிறகு அவர் சொல்லச் சொல்லப் புரிந்தது.

பத்து மாதத்துக்கு முன், தங்கையின் பிரசவத்துக்காக அவள் ஈரோட்டில் இருந்தபோது நடந்திருக்கிறது. நெகமத்திலிருந்து அவருடைய கூட்டாளி சென்னியப்பன் தன் பெட்டை நாயைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சோழனுக்கு அப்போது ஒன்றேகால் வயதுகூட ஆகவில்லை. கூட்டாளி கேட்டு எப்படி இல்லை என்பது? ஏழு குட்டிகள். இப்போது எட்டு மாதம்.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஊர்க்காரர்களிடம் சொன்ன அத்தனையையும் இந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தார். சில சமயம் தலையைக்கூட ஆட்டினார்.

நாய்தானே என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். குட்டிகள் போன வீடுகளின் எண்கள் வேண்டும் என்றாள். வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்றார். இப்போதே என்றாள்.

இளநீர்க் கடை நிழலில் நின்று அவர் சென்னியப்பனுக்குப் போன் போட்டார். அரைமணி கழித்து சென்னியப்பன் ஐந்து எண்களை அனுப்பினார். மற்ற இரண்டு குட்டிகள் கைமாறிப் போய்விட்டன. எங்கே என்று அவருக்கே தெரியாது.

முதல் எண், கிணத்துக்கடவில் ஒரு டீச்சர் வீடு.

சோழன் வீட்டிலிருந்து பேசுகிறேன் என்றதும் டீச்சருக்கு ஒரே சந்தோஷம். இவளைப் பேசவே விடவில்லை. அவர்களுடைய செல்லி அப்படியே அப்பன் சாயலாம். போன வாரம் பருவத்துக்கு வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை இணை சேர்க்கப் பேசி முடித்தாயிற்றாம். குட்டி கேட்டு இப்போதே நாலு பேர் சொல்லி வைத்திருக்கிறார்களாம்.

கோகிலா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு வயது முடியட்டும் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வாயெடுத்தாள். வரவில்லை.

வேறொன்று கேட்டாள். காலையில் படுத்து எழும்போது செல்லி பின்காலை ஊன்றச் சிரமப்படுகிறதா?

டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அத உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?"