சீர்வரிசையில் ஒரு வாஷிங் மெஷின்

"ரொம்ப வலிக்குமோ அண்ணாச்சி?" என்று மறுபடியும் கேட்டான் இசக்கிபாண்டி.

"எறும்பு கடிச்சா மாதிரி இருக்கும். சாக்லேட் குடுத்தா அழுகை நின்னுடும், போ நைனா," என்றார் காது குத்த வந்த ஆசாரி.

மண்ணூர் அம்மன் கோயில் மண்டபத்தில் பிரியாணி வாசனை தூக்கியது. மொட்டை காலையிலேயே முடிந்துவிட்டது, காதுகுத்துதான் பாக்கி. ஷிப்ட் முடிந்த கையோடு, இசக்கி வேலை பார்க்கும் ஃபேக்டரி லைன் ஆட்கள் யூனிஃபார்மிலேயே வந்து இறங்கினார்கள். அந்த எண்ணெய்க் கறைகளைப் பார்க்கப் பார்க்க இசக்கிக்கு ஆசை ஆசையாக வந்தது. ஹாஸ்டல்களில் இருப்பவர்களுக்கு யூனிஃபார்ம் துவைத்துக் கொடுக்கும் கம்பெனிதான் அவனுடைய கனவு.

கனவுக்குப் பணம் போடத்தான் ஆள் இல்லை. பேங்க் ஜாமீன் கேட்டது. சென்னை முதலீட்டாளர்கள் ஏசி ரூமில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் அவன் தங்கியிருந்த ரூமின் ஓனர் தணிகாசலம்தான் பார்ட்னராக ஒத்துக்கொண்டார். இடமும் ஒரு மெஷினும் அவர் பொறுப்பு, இன்னொரு மெஷின் இசக்கி பொறுப்பு. திங்கட்கிழமைக்குள் இரண்டும் ஓடாவிட்டால், லேடீஸ் ஹாஸ்டல் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லைனில் யார் வீட்டு விசேஷமானாலும் இசக்கி மொய் வைக்காமல் வந்ததில்லை. அதெல்லாம் திரும்பி வர வேண்டுமானால் அவன் வீட்டிலும் ஒரு விசேஷம் நடக்க வேண்டுமே! கல்யாணத்துக்குப் பெண் கிடைக்கவில்லை, கிரகப்பிரவேசத்துக்கு வீடு இல்லை.

"அதுக்காக பொய்யா விசேஷம் வெச்சி மொய் வாங்கக்கூடாதுப்பா, பாவம்," என்று தணிகாசலம் கறாராகச் சொல்லியிருந்தார்.

சூப்பர்வைசர் ராஜசேகர் மூன்று சக்கரக் குட்டி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இன்னாப்பா, புள்ளைய கண்லயே காட்ட மாட்டேன்ற? உங்க அக்கா புள்ளையா?"

"எங்க அம்மாவுக்கு உசுரு சார். மொதல்ல சாப்பிடுங்க," என்று இசக்கி கம்பெனித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். சாமி கும்பிடும்போதுகூட அவன் அதைக் கழற்றவில்லை.

மொய் அண்டா நிரம்பிக்கொண்டே வந்தது. இரண்டாவது மெஷின் வந்த மாதிரிதான் என்று இசக்கிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஆசாரியின் ஊசியையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான்.

வெளியே மேளச் சத்தம். "தாய்மாமன் சீர் வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். தட்டுத் தட்டாகப் பழம், பூ, புதுத்துணி. பின்னாலேயே மினி வேனில், மாலை போட்ட ஒரு வாஷிங் மெஷின். எல்லாவற்றுக்கும் முன்னால் பட்டு வேட்டியில் தணிகாசலம்.

கூட்டம் வாயைப் பிளந்தது. அவர் நேராக மேடையேறினார். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் துண்டை விரித்துப் போட்டார். ஆசாரி ஊசியை எடுத்தார்.

"தொப்பிய கழட்டிட்டு வந்து மாமா மடியில குந்து, இசக்கி!"