வீட்டுக்குள் எதிர்க்கட்சி

"சொல்லிட்டேன், கேட்டுக்கோம்மா. உன் புருஷனோட சிவப்பு டீம் இன்னிக்கு மண்ணைக் கவ்வும். மூணு கோல். அதுவும் முதல் பாதியிலேயே!"

சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு மாமனார் தீர்ப்புச் சொன்னார். இறுதி ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் டி.வி. அலறிக்கொண்டிருந்தது. காலமெல்லாம் லிஃப்ட் மோட்டார்களுக்குப் பக்கத்தில் நின்று ரிப்பேர் பார்த்த மனுஷன். காது பாதி போய்விட்டது.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகளுக்குச் சுருக்கென்றது.

"மூணா? உங்க நீல டீம் இந்த மாசம் பூரா அவ்வளவு போட்டிருக்கா, அதைச் சொல்லுங்க முதல்ல."

"இன்னிக்குப் போடும். உங்க கோல்கீப்பர் இருக்கானே, அவன் பந்தைப் பிடிக்கறானா, கொசு அடிக்கறானான்னே தெரியல."

"அவர்தான் இந்த வருஷம் அதிகமா பந்தைத் தடுத்தவர். பேப்பர்லயே போட்டிருந்தான்."

"பேப்பர்காரனுக்கு என்ன தெரியும்? தலையும் இல்லாம வாலும் இல்லாம ஒரு டீம். அதைப் போய் ஒருத்தன் உயிரா நினைச்சான் பாரு!"

அந்த ஒருத்தன் போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பையை எடுத்துக்கொண்டு கதவை அறைந்து சாத்தினாள்.

வெளியே எதிர்வீட்டு அம்மா நின்றிருந்தாள்.

"இங்க வரைக்கும் கேட்டுச்சும்மா. பெத்த பிள்ளை ஆசைப்பட்ட டீம். அதைத் திட்டறதுக்கு எப்படித்தான் வாய் வருதோ! கல்நெஞ்சுக்காரர்."

"வயசானவர், விடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். ஆனால் அவள் மனசிலும் அதே வார்த்தைதான் ஓடியது.

கணவன் இருந்தவரை மாமனார் வேறு ஊரில் தனியாக இருந்தார். காரியத்துக்கு வந்தவர், எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் கிளம்பவில்லை. 'கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்' என்றார். அப்படியே தங்கிவிட்டார். போங்கள் என்று சொல்ல அவளுக்கும் மனசு வரவில்லை.

அவளுக்குப் பந்தாட்டம் ஒன்றும் தெரியாது. கணவன் மேட்ச் பார்க்கும்போது அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போவாள், அவ்வளவுதான். இப்போது மாமனாருக்குப் பதிலடி கொடுப்பதற்காகவே பஸ்ஸில் விளையாட்டுப் பக்கத்தை வரி விடாமல் படிக்கிறாள். கிழவருக்குப் பொழுது போகணுமே, போனால் போகிறது என்றுதான் இவ்வளவு நாள் நினைத்தாள்.

இனி முடியாது. ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்ததும் அண்ணனுக்குப் போன் பண்ணிவிட வேண்டியதுதான். எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டான். அங்கேயே போய்விடலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால், அவள் படம் எடுக்கிற எக்ஸ்ரே மெஷின் மக்கர் பண்ணிக் கிடந்தது.

"நாளைக்குத்தான் ஆள் வருவான். அவசரம்னா பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கறோம். நீ வீட்டுக்குப் போம்மா" என்றார் பெரிய டாக்டர்.

திரும்பி வந்து படியேறும்போதே டி.வி. சத்தம் காதைப் பிளந்தது. சாவி போட்டுக் கதவைத் திறந்தாள். அவர் திரும்பவில்லை.

சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். திரையில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தான்.

"விடாதடா! ஓடு... ஓடு... அடிடா கண்ணு!"

பந்து வலைக்குள் பாய்ந்தது.

மாமனார் துள்ளி எழுந்தார். சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவன் முதுகில் தட்டுவதுபோல் கையை ஓங்கித் திரும்பினார். பக்கத்தில் யாருமில்லை. ஓங்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, காலியாக இருந்த இடத்தைத் தடவிக்கொடுத்தது.

"மாமா..."

திடுக்கிட்டுத் திரும்பினார். சட்டென்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"ச்சே! இதெல்லாம் ஒரு கோலா? நடுவரே அவங்க ஆளுதான்!"

"நான் அப்பவே வந்துட்டேன் மாமா."

அவர் உட்கார்ந்தார். ரிமோட்டைத் தேடி எடுத்து டி.வி.யின் வாயை அடைத்தார். வீடு திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"நான் பரம்பரைச் சிவப்பும்மா. அவனைச் சின்ன வயசுல தோள்ல தூக்கிட்டுப் போய் அந்த டீமைக் காட்டினதே நான்தான்."

"அப்புறம் எதுக்கு மாமா நாள் தவறாம அப்படித் திட்டறீங்க? எதிர்வீட்ல உங்களைக் கல்நெஞ்சுன்னு சொல்றாங்க. நானும்தான் அப்படி நினைச்சேன். இந்த வீட்டை விட்டே போயிடலாம்னு இருந்தேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் ஓடும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் போனப்புறம் நீ வாயே திறக்கலம்மா. சாப்பிட்டியான்னா தலையாட்டுவ. தூங்கினியான்னா தலையாட்டுவ. எனக்கு பயமாயிருந்துச்சு. ஒருநாள் இவனுங்க தோத்துட்டானுங்க. எரிச்சல்ல 'தண்ட டீம்'னு கத்திட்டேன். 'அவரோட டீமை ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னு சமையல்கட்டுல இருந்து உன் சத்தம் வந்துச்சு பாரு..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு மாறினேன்ம்மா, நீல டீமுக்கு."