நேரே போனால் எமெட்டின் வயல்

விமானம் முந்நூறு அடி ஏறியிருக்கும். இஞ்சின் ஒரு தடவை இருமியது. அப்புறம் முன்விசிறி கட்டை மாதிரி நின்றுவிட்டது.

"நாசமாப் போறவனே!" என்றான் டாரில்.

இஞ்சினைத்தான் சொன்னான். பழைய காரிலிருந்து கழற்றி, கொட்டகையில் ஆறு குளிர்காலம் குந்தியிருந்து அவனே மாட்டிய இஞ்சின்.

பின்னால் அவனுடைய புல் ஓடுபாதை. முன்னால் எமெட்டின் வயல்.

எமெட் பக்கத்துப் பண்ணைக்காரன். இந்தத் தகர டப்பா தன் தலைக்கு மேல் பறக்கக் கூடாது என்று மனுக் கொடுத்தவன். தேவாலய வாசலில் நாலு பேர் பார்க்க, "சாகிறதுன்னா உன் நெலத்துல விழுந்து சாவு" என்றவன். அன்றோடு பேச்சு அறுந்தது. அதற்கப்புறம் டாரில் எப்போது கிளம்பினாலும் உடனே இடப்பக்கம் ஒடித்துவிடுவான். அந்த வயலில் தன் நிழல்கூட விழ விட்டதில்லை.

கிளம்பியதும் இஞ்சின் நின்றால் திரும்பாதே, மூக்கை இறக்கி நேரே போய் இறங்கு. வீட்டில் விமானம் கட்டுகிற எவனுக்கும் இது தெரியும். இவ்வளவு தாழ்வில் திரும்பினால் வேகம் செத்து, ஒரு இறக்கை கவிழ்ந்து, தலைகுப்புறப் போக வேண்டியதுதான்.

தெரிந்தும் அவன் கை திருப்பத்தான் போனது.

அந்த ஆள் நிலத்திலா? செத்தாலும் மாட்டேன்.

இறக்கை சரிந்தது. இருக்கைக்கு அடியில் விமானம் உதறியது.

மனசு வீம்பு பிடித்தது, உடம்பு பயந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கையை நிமிர்த்தி, மூக்கை இறக்கி, நேரே விட்டான். எமெட்டைத் திட்டிக்கொண்டே இறங்கினான்.

ஆகஸ்ட் மாத அயோவா. பார்த்த இடமெல்லாம் ஆளை மறைக்கும் மக்காச்சோளம். சக்கரம் அதில் சிக்கினால் குட்டிக்கரணம்தான்.

அப்போதுதான் பார்த்தான். சோளத்துக்கு நடுவே ஒரு நீளப் பட்டை. கணுக்கால் உயரத்துக்கு வெட்டிவிட்ட குதிரைமசால் தீவனப் பயிர். அவன் ஓடுபாதைக்கு நேர்க்கோட்டில், இறக்கைக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது.

சக்கரம் மண்ணைக் கிழித்துக்கொண்டு ஓடி நின்றது.

பிக்கப் வண்டியில் பறந்து வந்தான் எமெட். கதவைக்கூடச் சாத்தவில்லை.

"குருட்டுக் கழுத! மாட்டுத் தீவனத்த நாசம் பண்ணிட்டியேடா!"

"கத்துடா கெழவா, நல்லாக் கத்து. அங்கெல்லாம் சோளம் போட்டுட்டு இங்க மட்டும் ஏன்டா போடல?"

எமெட் தொப்பியைக் கழற்றினான். திரும்பப் போட்டுக்கொண்டான்.

"மண்ணு சரியில்ல."

டாரில் குனிந்து பார்த்தான். சக்கரம் கிழித்த இடத்தில் மண் கறுகறுவென்று, கொழுத்து, ஈரமாகக் கிடந்தது. சுத்துவட்டாரத்தில் இப்படி ஒரு மண்ணை அவன் பார்த்ததில்லை.

அவனுக்கு முன்னைவிடக் கோபம் வந்தது. ஒரு பிடி அள்ளி எமெட்டின் சட்டைமேல் வீசினான்.

"பொய் சொல்றான் பாரு, கெழட்டுப் பய."